பந்தய வண்டியின் பிரேக்கு

வேங்கிக்கால், திருவண்ணாமலை
4-7-1960

அன்புள்ள தங்கை வேதாவுக்கு அண்ணன் கோதண்டராமன் எழுதுவது. உன் அண்ணி தங்கம்மாளுக்கு முழங்கால் வலி கம்மி. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமா? உன் பிள்ளை தருமன் பட்டணத்து ஒர்க்‌ஷாப் வேலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா?

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஓடாமல் கிடந்த தன் ஸ்போர்ட்ஸ் காரை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது. இப்போது நம் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மட்காடுகளையும் முன்கண்ணாடியையும் கழற்றி எறிந்துவிட்டேன். எடை குறைந்தால் வேகம் கூடும். பிப்ரவரியில் சோழவரம் விமானத் தளத்தில் நடக்கும் ரேசுக்கு இதைத் தயார் செய்யப் போகிறேன்.

ஓட்டப்போவது தருமன். தானே கேட்டு எழுதியிருக்கிறான். வேறு வாய் வழியாக உனக்குத் தெரியக் கூடாது என்று நானே எழுதுகிறேன்.

என் பழைய பஸ் முதலாளியின் மகனும் அங்கே வண்டி விடுகிறானாம். அவன் பார்க்கட்டும். செங்கம் சந்தையில் பஸ் மோதியது டிரைவர் பிசகு என்று கோர்ட்டே எழுதிய பிறகும், என்னை ஷெட்டுக்குள் விடாமல் கதவைச் சாத்தியவர்கள் அவர்கள். நான் எந்தப் பள்ளியிலும் மெக்கானிக் படிக்கவில்லை. பிரித்துப் பார்த்துக் கற்றவன். ஏழு வருஷமாக இந்த ஊர் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறது. உன் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோர்ட்டில் கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

உன் நலம் கோரும்
கோதண்டராமன்

வேலூர்
15-7-1960

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு வேதா வணக்கத்துடன் எழுதுவது. அண்ணியின் காலுக்கு நொச்சித் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள். இங்கே உடம்புகள் நலம்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சந்தை என்ற இடம் வந்ததும் எழுந்துபோய்க் காலைக் கழுவிக்கொண்டார். காலில் அழுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பஸ்ஸை ஓட்டியதற்கு ஒரு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த நாள் முதல் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மண்டிக் காவலுக்கு மூன்று மைல் நடந்தே போய் வருகிறார். தெருவில் லாரி பிரேக் போடும் சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார்.

தருமன் எனக்கு ஒரே பிள்ளை. போன ஞாயிறு வந்தவனைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, “ஏம்மா, மாமா கட்டுற வண்டின்னு பயமா, வண்டின்னாலே பயமா?” என்றான். “ரெண்டும்தான்டா” என்றேன். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

அண்ணா, ஆசைக்கு வண்டியைக் கட்டுங்கள். ஓட்ட வேறு ஆள் பாருங்கள்.

தங்கள் பணிவுள்ள தங்கை
வேதா

வேங்கிக்கால்
3-8-1960

அன்புள்ள வேதாவுக்கு அண்ணன் ஆசியுடன். தைலம் தேய்த்தோம், குணம் தெரிகிறது. மழை இல்லை.

பயந்துகொண்டே இருந்தால் எந்தக் காரியமும் ஆகாது. தருமனுக்கு இருபத்துமூன்று வயது. அவன் இஷ்டம்.

வேலை முக்கால் பங்கு முடிந்தது. என்ஜினின் மேல்மூடியைத் தேய்த்துச் சன்னமாக்கினால் அழுத்தம் கூடி, வேகமும் கூடும். பட்டறைக்குக் கொடுக்காமல் கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாள் ஒட்டி நானே பன்னிரண்டு நாள் தேய்த்தேன். ஓட்டிப் பார்த்த முதல் தடவையே இடையில் வைத்த அட்டை வெடித்து, கொட்டகை முழுக்க ஆவி. தங்கம்மாள் தீ என்று கத்திவிட்டாள். பக்கத்துக் கழனிச் சடையன் மண்வெட்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் மேஸ்திரி, வண்டி செய்றீங்களா, இட்லி அவிக்கிறீங்களா?” என்றான். “ரெண்டு ஈடு ஆச்சு, உனக்கு வேணுமா?” என்றேன். அட்டைக்குப் பதில் தாமிரத் தகட்டை நானே வெட்டி மாட்டினேன். இப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இந்த வாரம் பிரேக்கைப் பிரித்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியும். குழலுக்குள் ஆயிலைத் தள்ளும் கடைசி ரப்பர் கிண்ணம் வரைக்கும் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் காயவைத்த பிறகுதான் மாட்டுவேன். முப்பது வருஷமாக இப்படித்தான். என் வேலையில் ஒரு தூசி இருக்காது. இதைத் தருமனிடம் சொல்.

கோதண்டராமன்

வேலூர்
22-8-1960

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு வேதா. நீங்களும் அண்ணியும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

சுதந்திர தின லீவில் தருமன் வந்திருந்தான். அப்பாவும் பிள்ளையும் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் கடிதத்தை வாசித்தேன். மண்ணெண்ணெய் என்றதும் தருமன், “ரப்பரையுமா?” என்றான். “ஆமான்டா, எல்லாத்தையும்தான்.” “ஐயோ, ரப்பர்ல மண்ணெண்ணெய் படவே கூடாதும்மா. ஊதிப் போயிடும். பிரேக் ஆயில்லதான் கழுவணும். எங்க ஒர்க்‌ஷாப்புல செவுத்துலயே எழுதிப் போட்டிருக்கான்.”

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. குனிந்தபடியே கேட்டார். “ஊதிச்சுன்னா என்னடா ஆவும்?”

“மொதல்ல பெடல் கல்லு மாதிரி இருக்கும்பா. பிரேக் சரியா விடாது, சக்கரத்துல டிரம்மு சுடும். ஓட ஓட ரப்பர் மடங்கிக்கும். அப்புறம் மிதிச்சா கால் நேரா தரையில போய் இடிக்கும்.”

அவர் எழுந்துவிட்டார். பாதிச் சோறு இலையில் அப்படியே இருந்தது. தருமன் என்னைப் பார்த்தான். பஸ் மோதியபோது அவனுக்குப் பதினாறு வயது. அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை.

அண்ணா, அந்த ரப்பர்களை மாற்றிவிடுங்கள். இப்போதைக்கு இவ்வளவுதான் கேட்கிறேன்.

வேதா

வேங்கிக்கால்
30-8-1960

வேதாவுக்கு. நலம்.

சுவரில் எழுதியதைப் படித்துப் பிரேக்கு மாட்டுகிற பிள்ளைகள் எனக்குப் பாடம் சொல்ல வேண்டாம். அவன் பிறப்பதற்கு முன்னே நான் எத்தனை வண்டிக்குப் பிரேக்கு மாட்டியிருக்கிறேன் என்று அவனைக் கேள். மண்ணெண்ணெயில் கழுவியதால் கெட்டது என்று ஒரு டிரைவர் என்னிடம் வந்து சொன்னதில்லை.

அடுத்த வாரம் வண்டியை எடுத்து ஆசிரமம் வழியாக மலையைச் சுற்றிவரப் போகிறேன். பிறகு எழுதுகிறேன்.

கோதண்டராமன்

வேலூர்
26-9-1960

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு வேதா வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இதை வெறும் மரியாதைக்குக் கேட்கவில்லை.

நாலு வாரமாகக் கடிதம் இல்லை. நேற்று மண்டிக்கு நெல் மூட்டையோடு வந்த உங்கள் ஊர்க்காரர் ஒருவர், அடி அண்ணாமலையில் கூரையில்லாத கார் ஒன்று வயலில் இறங்கிக் கிடந்தது என்றாராம். இவர் வீட்டுக்கு வந்ததும், “அவரு உயிரோட இருக்காரான்னு எழுதிக் கேளு” என்றார். இன்றைக்கே இதைத் தபாலில் போடுகிறேன். அண்ணியாவது ஒரு வரி எழுதட்டும்.

வேதா

வேங்கிக்கால்
3-10-1960

அன்புள்ள வேதாவுக்கு அண்ணன். உயிரோடு இருக்கிறேன். வலது மணிக்கட்டு சுளுக்கு, அதனால் எழுத்து கோணல். தங்கம்மாள் நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் புறப்பட்டேன். பெடல் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. ஆசிரமத்தைத் தாண்டும்போது கருகல் வாடை வந்தது. அடி அண்ணாமலைத் திருப்பத்தில் நாற்றுக் கட்டோடு ஆறேழு பெண்கள் ரோட்டைக் கடந்தார்கள். மிதித்தேன். கால் உள்ளே போய்விட்டது. மறுபடி மிதித்தேன், கீழே ஒன்றுமே இல்லை. கடைசியாக வந்த பெண் அசையாமல் நின்று என்னைப் பார்த்தாள். ஓடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து வரப்பைத் தாண்டிச் சேற்றில் இறக்கினேன். யார் மேலும் படவில்லை. அவள் இடுப்பில் இருந்த குழந்தையை அப்புறம்தான் பார்த்தேன்.

குழாய் இணைப்பு ஒன்று தளர்ந்திருக்க வேண்டும். ரோடும் சரியில்லை. சரிசெய்துவிடலாம்.

கோதண்டராமன்

வேலூர்
12-10-1960

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு வேதா. மணிக்கட்டுக்குப் பற்றுப் போடுங்கள். கை குணமானதும் எனக்குப் பதில் எழுதுங்கள்.

முதலில் கெட்டி, பிறகு கருகல் வாடை, பிறகு கால் உள்ளே போனது. இதே மூன்றையும் இதே வரிசையில் அவர் கோர்ட்டில் சொன்னார். நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். “காலையில ஷெட்டுலயே மச்சான்கிட்ட பெடல் கல்லு மாதிரி இருக்குதுன்னு சொன்னேன்” என்றார். உங்களைக் கேட்டார்கள். சத்தியம் செய்துவிட்டு, அவர் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றீர்கள். சந்தையில் பஸ் மோதி வளையல் வியாபாரி ஒருவர் செத்ததற்கு இவர் ஜெயிலுக்குப் போனார்.

ஏழு வருஷமாக ஒருவருக்குச் சோறு போடுகிறேன், இன்னொருவருக்குக் கடிதம் எழுதுகிறேன். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொன்னவர். அது யார் என்று நான் கேட்டதே இல்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்கு ஒரு வீடு இல்லாமல் போகும் என்று பயந்தேன்.

இப்போது தருமன் பொங்கல் லீவில் வந்து உங்கள் வண்டியை எடுத்து ஓட்டப் பழகுவேன் என்கிறான். ஆகவே கேட்கிறேன். அன்றைக்குக் காலையில் அவர் உங்களிடம் சொன்னாரா, இல்லையா?

வேதா

வேலூர்
21-11-1960

அண்ணா அவர்களுக்கு வேதா வணக்கம்.

தீபாவளி போய் ஒரு மாதமாகிவிட்டது. உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுகிறேன். அண்ணி கார்டு போட்டிருக்கிறார்: ‘கொட்டகையில் கிண்ணங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. சோற்றுக்குக் கூப்பிட்டால் கோபம் வருகிறது.’

கார்த்திகைத் தீபத்துக்கு நாங்கள் வரப்போவதில்லை. தருமன் பந்தயத்துக்குப் போட்டுக்கொள்கிற தொப்பி வாங்கிவிட்டான். என் எதிரே தலையில் வைத்துக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. அடுக்களைக்குள் போய் அழுதேன்.

பொங்கலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

வேதா

வேங்கிக்கால்
9-12-1960

அன்புள்ள தங்கை வேதாவுக்கு அண்ணன் கோதண்டராமன். தங்கம்மாள் சுகம். என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

புது ரப்பர்கள் வரவழைத்தேன். ஒன்றை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன், ஒன்றைப் பிரேக் ஆயிலில். மறுநாள் மண்ணெண்ணெயில் போட்டது அதன் குழலுக்குள் நுழையவில்லை. மண்ணெண்ணெய் கலப்படமோ என்று வேறு கடையில் வாங்கி மறுபடி செய்தேன். ரப்பர் மட்டமோ என்று வேறு ரப்பர் வாங்கி மூன்றாம் தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் நான் சரி என்று வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். மூன்றும் ஊதின.

சந்தையில் மோதியதற்கு முந்தின நாள் பஸ் பிரேக்கைப் பிரித்து, புது ரப்பரையும் மண்ணெண்ணெயில் கழுவி நான்தான் மாட்டினேன்.

நீ கேட்டதற்குப் பதில்: சொன்னார். ஷெட்டு வாசலில் நின்று, “மச்சான், பெடல் கல்லு மாதிரி இருக்குதுங்க, ஒரு தரம் பாத்துடுங்க” என்றார். நான், “புது ரப்பருன்னா அப்படித்தான் இருக்கும். போ மாப்ள, சந்தைக்கு நேரமாச்சு” என்றேன். கோர்ட்டில் என் வேலையில் பிழை இல்லை என்று நிச்சயமாக நம்பினேன். பிழையே இல்லாதபோது அவர் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நியாயம் அல்ல, பயம். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று எழுதி மாஜிஸ்டிரேட்டுக்கு அனுப்பப் போகிறேன். வக்கீல் சக்கரபாணி, “ஏன் பெரியவரே, மூடிக் கெடக்கிற கேஸ் கட்டைத் திறந்து நீங்களே உள்ள போய் உக்காரப் பாக்குறீங்க? பொய்ச் சாட்சிக்கு உங்களைத்தான் புடிப்பாங்க” என்கிறார். வேறு வக்கீல் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தப்பு என்று தெரிந்த பிறகும் அப்படியே விட்டுவைக்க என்னால் ஆகாது.

தருமன் இந்த வண்டியைத் தொடக் கூடாது. இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விட வேண்டாம்.

கோதண்டராமன்

வேலூர்
19-12-1960

அண்ணா அவர்களுக்கு வேதா.

ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். ‘சொன்னார்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வாசலுக்குப் போனார். உள்ளே வந்து, “வண்டி ஓடுற நெலமையில இருக்குதா?” என்றார். இருக்கும் போலத் தெரிகிறது என்றேன். “வர்ற திங்கக்கெழம வரேன்னு எழுதிடு” என்றார்.

எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மேல் எனக்கு என்ன இருக்கிறது என்று இப்போது எழுத முடியாது. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கப்போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. நீங்கள் எதுவும் பேச வேண்டாம். அண்ணியைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள்.

வேதா

வேங்கிக்கால்
28-12-1960

அன்புள்ள வேதாவுக்கு அண்ணன் கோதண்டராமன். இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீங்கள் இருவரும் வீட்டில் சுகமாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். தங்கம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “ரப்பர்?” என்றார். புதிது, பிரேக் ஆயிலில் கழுவி மாட்டியது என்றேன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். “ஏறுங்க மச்சான்” என்றார். லைசென்ஸ் இல்லாதவர், ஏழு வருஷம் தொடாதவர். ஏறினேன்.

ஊரைத் தாண்டும் வரை மெதுவாகத்தான் போனார். ஆசிரமத்துக்கு அப்பால் செங்கம் ரோடு காலியாக இருந்தது. அங்கே அழுத்தினார். முன்கண்ணாடியை நான்தான் கழற்றியிருந்தேன். காற்று முகத்தில் அறைந்து மூச்சு விட முடியவில்லை. வேக முள் அறுபதைத் தாண்டியது. தூரத்தில் கரும்பு வண்டி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. “மாப்ள, போதும்” என்றேன். அவர் திரும்பவில்லை. வண்டிக்காரன் முதுகு தெரிந்தது, அவன் சட்டைக் கிழிசல்கூடத் தெரிந்தது. “பிரேக்கப் புடி! பிரேக்கப் புடி!” என்று கத்தினேன். கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு பஸ்ஸுல இருந்த இருபத்தெட்டு பேரும் இப்படித்தான் கத்துனாங்க” என்றார். பிறகு மிதித்தார்.

வண்டி நேராக நின்றது. கரும்பு வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு மாடு நிற்கும் இடம் இருந்தது. வண்டிக்காரன் எங்களைத் திட்டிவிட்டுப் போனான். அவர் காலைப் பெடலிலிருந்து எடுக்கவே இல்லை.

“இன்னிக்கு பிரேக்கு இருக்குது, அன்னிக்கு இல்ல. இதைத்தான் மச்சான் நான் அப்பவும் சொன்னேன்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார். “எழுதிக் குடுக்குறேன்னீங்களே, அதைக் குடுங்க. பையன் ஓட்டணும்னு சொன்னா ஓட்டட்டும். பிரேக்கை அவனே பிரிச்சு அவனே மாட்டட்டும். நீங்க அதுல கை வெக்கக் கூடாது.”

முப்பது வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. “வெக்க மாட்டேன்” என்றேன்.

அவர் இறங்கி ஊர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று கூப்பிட்டேன். ஆனால் நான் அந்த ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்காரவே இல்லை. உடம்பு வரவில்லை. சாயங்காலம் சடையன் மாடுகளைக் கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தான். அவன்கூட ஒன்றும் கேலி பேசவில்லை.

நான் சொன்னது பொய் என்று எழுதி நேற்று மாஜிஸ்டிரேட்டுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். அவருடைய லைசென்சைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். கூப்பிட்டால் போய் நிற்பேன், வாபஸ் வாங்க மாட்டேன். வண்டிச் சாவியைத் தருமனுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை அவர் வேலூர் பஸ் ஏறினாரா என்று விசாரித்தேன். பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. இன்றோடு இரண்டு நாள். எனக்கு நீ வேறொன்றும் எழுத வேண்டாம். அவர் வீடு வந்து சேர்ந்தாரா என்று மட்டும், உடனே, ஒரு வரி எழுது.

அண்ணன்
கோதண்டராமன்